பள்ளத்துக்குப் பதினொரு துண்டு

வேகன்ஆர் எளிது.
பெட்டிபோல் பிறந்த வண்டி,
கட்டையில் கட்டுகிறவளுக்குப் பாதி வேலை மிச்சம்.
ஆறு குமிழ் அகலம், பதினான்கு நீளம்,
சக்கர வளைவு மட்டும் கொஞ்சம் பிடிவாதம் பிடிக்கும்.
முதலில் திரையில் வரைவேன். திரையில் எடை கிடையாது,
எதை எதன்மேல் வைத்தாலும் நிற்கும்.
பிறகுதான் எஸ்.பி. ரோட்டில் வாங்கிய
நட்டு போல்ட் இழுப்பறைகள் அறுபதிலும் கைவிடுவது.
ராத்திரி பதினொன்றுக்கு மேல் நான் துழாவும் சத்தம்
கீழ்வீட்டுக்கு மழைபோல் கேட்குமாம்.
ஒருமுறை கொடித்துணி எடுக்க
மொட்டைமாடிக்கே ஓடியிருக்கிறார்கள்.

சுதீந்திர ராவ் ஒன்பது படங்கள் அனுப்பியிருந்தார்.
அடர்சிவப்பு. கேஏ ஐம்பத்தொன்று.
ஒன்பதாவதில் இடப்பக்கப் பின்கதவு,
அதில் உள்ளங்கை அளவு பள்ளம்.
இதோடு வேண்டும் என்று எழுதியிருந்தார்.
பேஸ்மென்ட் தூணில் இடித்துவிட்டது.
யார் ஓட்டினார்கள் என்பது வாக்கியத்தில் இல்லை.
கன்னடத்திலும் வசதியாக அப்படிச் சொல்ல முடிகிறது.
பகலில் நான் மென்பொருளுக்குப் பிழை அறிக்கை எழுதுகிறவள்,
இந்த இலக்கணம் எனக்குத் தெரியும்.

கட்டைக்கு நசுங்கத் தெரியாது.
போட்டால் சிதறும்,
மிதித்தால் மிதித்தவரை அழவைக்கும்,
அவ்வளவுதான்.
நான்கு இரவுகள்.
பக்கவாட்டில் குமிழ் முளைத்த துண்டுகளால்
சுவரையே திருப்பிப் போட்டு,
சாய்வுகளை உள்நோக்கிக் கவிழ்த்து,
அரைத் தகடு பின்வாங்கி,
நடுவில் ஒரு கீல்
(அடர்சிவப்பில் கிடைக்காது, வெளிநாட்டிலிருந்து வந்து
கஸ்டம்ஸில் ஒன்பது நாள் படுத்திருந்தது)
அதை ஒரு மயிரிழை மடக்கியபோது
குழல்விளக்கின் கீழ் சிவப்பில் ஒரு நிழல் விழுந்தது.
எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து பார்த்தேன்.
பள்ளம் அங்கேயே இருந்தது.
நேரான கதவைவிடப் பதினொரு துண்டு கூடுதல்.

பெட்டி ஒட்டுவதற்குள் இன்னொரு ஆர்டர்.
ஜசிந்தா மொந்தேரோ. ஒரே ஒரு படம்.
ஷோரூம் வாசல், பானெட்டில் செவ்வந்தி மாலை,
முன்சக்கரத்தடியில் எலுமிச்சை, இன்னும் நசுங்காமல்.
அடர்சிவப்பு. அதே ஐம்பத்தொன்று, அதே நான்கு எண்கள்.
இதில் இருப்பதுபோலவே, என்று எழுதியிருந்தார்,
பள்ளம் வேண்டாம்.
நான் எந்தப் பள்ளத்தைப் பற்றியும் கேட்டிருக்கவில்லை.

வண்டி இப்போது யாரிடம் இருக்கிறதோ,
விற்றுப் பணத்தைப் பிரித்துக்கொண்டார்களோ.
அதைக் கேட்க வாயெடுத்து
நம்பர் பிளேட் ஸ்டிக்கரா அச்சா என்று கேட்டேன்.
இருவரும் அச்சு என்றார்கள்.

ஜசிந்தாவின் வண்டி இரண்டு மணி நேரத்தில் முடிந்தது.
அடிபடாத கதவு சட்டென்று வந்துவிடுகிறது.
மஞ்சளில் ஒற்றைக் குமிழ் வட்டம் ஒன்றெடுத்து
முன்சக்கரத்தடியில் வைத்து உருட்டிப் பார்த்தேன்.
எலுமிச்சைக்கு ஒன்றுமில்லை, வண்டிதான் குலுங்கியது.
அவருடைய பெட்டியிலும் ஒன்று போட்டேன்,
கணக்கில் சேர்க்காமல்.

பில் எழுதும்போது கை நின்றது.
இடிபட்டதற்குத்தான் விலை கூடுதல்.
பதினொரு துண்டு, நான்கு இரவு, ஒரு கீல்,
இதையெல்லாம் என்ன பெயரில் எழுதுவது?
கதவு, இடது, பின் என்று எழுதினேன்.
அதற்கும் வரி போட்டேன்.

காலையில் டெலிவரிப் பையன் வந்தான்.
ஒன்று பொம்மனஹள்ளி, ஒன்று எச்எஸ்ஆர் லேஅவுட்.
ஸ்கூட்டரில் கால்களுக்கு நடுவே
ஒன்றின்மேல் ஒன்றாக வைத்துக்கொண்டு
உள்ளே என்ன மேடம் என்றான்.
கார் என்றேன்.
ரெண்டுலயுமா?
அல்சூரிலிருந்து சில்க் போர்டு வரை
இரண்டுக்கும் ஒரே வழி.
திங்கட்கிழமை வேறு,
ஒன்றேகால் மணி நேரமாவது ஆகும்.